மழை நாள்களில் ஸ்லோ குக்கர்: காலையில் எதைப் போடுவது, மாலையில் எதைச் சேர்ப்பது?

பொங்கோல் வாசகி

அனைவருக்கும் வணக்கம். சிங்கப்பூரில் வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டது. டிசம்பரிலும் ஜனவரியிலும் விடாமல் பெய்து, வெப்பநிலை 22, 23 டிகிரிக்கு இறங்கும் நாள்களில், வேலை முடிந்து நனைந்த காலணியோடு வீடு திரும்புகிறவர்களுக்குச் சூடாக ஒரு கிண்ணம் சூப் கிடைத்தால் அதுவே போதும் என்றாகிவிடுகிறது. நானும் கணவரும் காலை ஏழரைக்குக் கிளம்பினால் மாலை ஆறரைக்குத்தான் திரும்புகிறோம். மாமியாருக்கு மூட்டுவலி, அடுப்படியில் நெடுநேரம் நிற்க இயலாது. அதனால், குறைந்த சூட்டில் பல மணி நேரம் தானாக வேகவைக்கும் ஸ்லோ குக்கர் என்னும் மின்பானை ஒன்றை, மூன்றரை லிட்டரில், வாங்கியிருக்கிறோம்.

இணையத்தில் கிடைக்கும் குறிப்புகள் பெரும்பாலும் மேல்நாட்டு முறையில், எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டு மூடிவிடச் சொல்கின்றன. வதக்காத வெங்காயமும் வறுக்காத மல்லித்தூளும் நம் வாய்க்கு ஒத்துவருமா என்பது என் ஐயம். ஆட்டெலும்புச் சூப், கோழிச் சூப், காய்கறிக் குழம்பு ஆகியவற்றை இதில் முறையாகச் செய்கிறவர்கள், நம் சமையலுக்கு ஏற்ற வகையில் விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன். எங்கள் வீட்டில் மாட்டிறைச்சியும் பன்றியிறைச்சியும் சமைப்பதில்லை. மாமியார் வெள்ளிக்கிழமைகளில் சைவம்.

தேக்கா அடுப்படி

உங்கள் ஐயம் நியாயமானது, சகோதரி. ஸ்லோ குக்கர் வேகவைக்கும்; வதக்காது, வறுக்காது, தாளிக்காது. அதனுள்ளே வெப்பம் தண்ணீரின் கொதிநிலையைத் தாண்டுவதில்லை. வெங்காயம் பொன்னிறமாவதற்கும் மல்லித்தூளின் பச்சை வாடை போவதற்கும் அந்த வெப்பம் போதாது. அவற்றுக்கு எண்ணெயின் சூடு வேண்டும். ஆகவே நம் சமையலை மூன்றாகப் பிரித்துக்கொள்ள வேண்டும்: வாணலியில் பத்து நிமிடம், குக்கரில் எட்டு மணி நேரம், மறுபடியும் வாணலியில் இரண்டு நிமிடம். நடுவில் இருக்கும் எட்டு மணி நேரத்துக்கு மட்டுமே ஆள் தேவையில்லை.

ஆட்டெலும்புச் சூப்பை நான் செய்யும் முறையைச் சொல்கிறேன். தேக்கா ஈரச்சந்தையில் ஆட்டிறைச்சிக் கடைக்காரரிடம் சூப்புக்கு என்று சொன்னாலே நெஞ்செலும்பும் கால் எலும்புமாகக் கலந்து வெட்டித் தருவார். கால் எலும்பைக் குறுக்காக வெட்டச் சொல்லுங்கள். அப்போதுதான் மச்சை வெளியே வந்து சாற்றில் கலக்கும். மூன்றரை லிட்டர் பானைக்கு முக்கால் கிலோ எலும்பு சரியான அளவு. முதலில் எலும்பைக் கொதிநீரில் ஐந்து நிமிடம் போட்டெடுத்து, சாம்பல் நிற நுரையோடு வரும் அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, எலும்பைக் கழுவிக்கொள்ள வேண்டும். இந்த ஒரு வேலையைச் சோம்பல்பட்டு விட்டுவிட்டால், குக்கரில் நுரையை அள்ளிப் போட யாரும் இருக்கமாட்டார்கள் என்பதால், சூப் கலங்கலாகவும் கவுச்சி வாடையோடும் இருக்கும்.

பிறகு வாணலியில் இரண்டு மேசைக்கரண்டி நல்லெண்ணெய் விட்டு, சின்ன வெங்காயம் ஒரு கைப்பிடி, தட்டிய இஞ்சி பூண்டு, ஒரு தக்காளி ஆகியவற்றை வதக்கி, மஞ்சள்தூளும் இரண்டு தேக்கரண்டி மல்லித்தூளும் சேர்த்து எண்ணெய் பிரியும் வரை கிளற வேண்டும். இதை முதல்நாள் இரவே செய்து தனிப் பாத்திரத்தில் குளிர்பதனப் பெட்டியில் வைத்துக்கொண்டால், காலையில் சூடாக்கி, எலும்போடு பானையில் போட்டு, ஒன்றேகால் லிட்டர் கொதிநீர் ஊற்றி மூடிவிட்டுக் கிளம்பலாம். பட்டையும் கிராம்பும் வழக்கத்தில் பாதி போதும், ஏனென்றால் முழு மசாலா எட்டு மணி நேரமும் சாறு இறங்கிக்கொண்டே இருக்கும். இரண்டு கிராம்பு கூடிவிட்டால் பல்வலித் தைலத்தைக் குடிப்பதுபோல் ஆகிவிடும்.

மிளகையும் சீரகத்தையும் காலையில் போடவே கூடாது. அவற்றின் மணம் ஆவியோடு போய், காரலும் கசப்பும்தான் மிஞ்சும். மாலையில் வீட்டுக்கு வந்ததும் புதிதாக இடித்த மிளகு சீரகம் ஒரு மேசைக்கரண்டி சேர்த்து, உப்புப் பார்த்து, கறிவேப்பிலையைச் சிறிது நெய்யில் தாளித்துக் கொட்டுங்கள். அடுப்படியில் எழும் அந்த ஒரு மணத்துக்காகத்தான் இத்தனை ஏற்பாடும்.

விசில் கட்சி

எல்லாம் சரி, ஐயா. ஆனால் இதே எலும்பைச் சாதாரண குக்கரில் வைத்தால் எட்டு விசிலில், அரை மணி நேரத்தில் முடிந்துவிடுகிறதே. அதற்குப் பத்து நிமிடம் இங்கே, எட்டு மணி நேரம் அங்கே என்று சுற்றி வளைப்பானேன்? எங்கள் அம்மா தோ பாயோவில் மூன்றறை வீட்டில் ஒரே ஒரு பிரஷர் குக்கரை வைத்துக்கொண்டு ஏழு பேருக்குச் சமைத்தார். புதுக் கருவி வாங்குகிற ஆசையைத் தவிர இதில் வேறென்ன இருக்கிறது என்று எனக்குப் புரியவில்லை.

தேக்கா அடுப்படி

கருவி வாங்குகிற ஆசை இல்லவே இல்லை என்று நான் சாதிக்கமாட்டேன். நீங்கள் சொல்வது சாம்பாருக்கும் அன்றாடப் பருப்புக்கும் முழு உண்மை. அவற்றை ஸ்லோ குக்கரில் வைப்பது வீண் வேலை. சூப்பின் சாற்றை மட்டும் சுவைத்துப் பார்த்தால்கூடப் பெரிய வேறுபாடு தெரியாது.

வேறுபாடு இறைச்சியில்தான் தெரியும். பிரஷர் குக்கரில் வெப்பம் சுமார் 120 டிகிரி வரை ஏறுவதால் தசைநார் விரைவில் கரைந்துவிடும். ஆனால் ஒரு விசில் கூடிப்போனால் கறி நார் நாராகப் பிரிந்து, சாறெல்லாம் வெளியேறிச் சக்கையாகிவிடும். எலும்பையும் தசையையும் பிணைத்திருக்கும் கொலாஜன் என்னும் புரதம் 70 டிகிரியைத் தாண்டியதும் மெல்ல மெல்லக் கரைந்து, உதட்டில் ஒட்டும் பசைத்தன்மையைச் சாற்றுக்குத் தரும். ஸ்லோ குக்கரில் அது நிதானமாக நடக்கிறது. ஒரு மணி நேரம் கூடினாலும் குறைந்தாலும் கறி கெட்டுப்போவதில்லை. அதைவிட முக்கியமானது, விசிலை எண்ணிக்கொண்டு யாரும் வீட்டில் நிற்க வேண்டியதில்லை. பொங்கோல் சகோதரி ஆறரைக்கு வந்து அரை மணி நேரம் குக்கர் முன்னால் நிற்பதற்கும், வந்ததும் தாளித்துக் கொட்டிவிட்டு உட்காருவதற்கும் இடையில் உள்ள வேறுபாடு உங்களுக்குப் புரியாமல் இராது.

விசில் கட்சி

பெண்கள் தரப்பு நியாயத்தைச் சொல்லி வாயை அடைத்துவிட்டீர்கள். போகட்டும். கோழிக்கும் எட்டு மணி நேரமா?

ஆய்வகப் பணியாளர்

கோழிக்கு எட்டு மணி நேரம் தேவையில்லை. நெஞ்சுக்கறியில் கரைவதற்குக் கொலாஜன் அதிகம் இல்லாததால் நெடுநேர வேக்காட்டில் அது வறண்டு, மென்றால் பஞ்சுபோல் இருக்கும்; எலும்போடு கூடிய தொடைக்கறி குறைந்த சூட்டில் ஐந்து, ஆறு மணி நேரம் தாங்கும். நீண்ட நேரம் வெளியே இருப்பவர்கள் நாட்டுக்கோழியையோ முற்றிய கோழியையோ வாங்குவது நல்லது.

உணவுப் பாதுகாப்புத் துறையில் பணிபுரிகிறவன் என்ற முறையில் சிலவற்றை வலியுறுத்த விரும்புகிறேன். கிருமிகள் வேகமாகப் பெருகும் வெப்ப எல்லை 5 டிகிரியிலிருந்து 60 டிகிரி வரை. ஸ்லோ குக்கர் இந்த எல்லையை மெதுவாகத்தான் கடக்கிறது. ஆகவே உறைந்த இறைச்சியை அப்படியே உள்ளே போடக் கூடாது. முதல்நாளே குளிர்பதனப் பெட்டியின் கீழ்த்தட்டுக்கு மாற்றி முழுவதும் உருகவைத்த பிறகே போட வேண்டும். மேலே ஒருவர் கொதிநீர் ஊற்றச் சொன்னது சுவைக்காக மட்டுமன்று, இதற்காகவும் சரியான ஆலோசனை. சிலர் காலையில் பச்சை இறைச்சியைப் பானையில் போட்டு, நண்பகலில் தானாகச் சூடாகும்படி நேரங்காட்டிச் செருகியைப் பொருத்திவிட்டுப் போகிறார்கள். நம் ஊர் வெப்பத்தில் நான்கைந்து மணி நேரம் இறைச்சி வெளியில் கிடப்பதற்குச் சமம் அது. தயவுசெய்து செய்யாதீர்கள். அதற்குப் பதிலாக, வெந்து முடிந்ததும் தானே சூடுகாக்கும் நிலைக்கு மாறும் கருவியை வாங்குங்கள். அதில் பாதுகாப்புச் சின்னம் ஒட்டப்பட்டிருக்கிறதா என்றும் பாருங்கள்.

இன்னொன்று இதைவிடக் கடுமையானது. தேக்காவிலும் முஸ்தபாவிலும் கிடைக்கும் சிவப்பு ராஜ்மாவைச் சிலர் ஊறவைத்து நேரடியாக ஸ்லோ குக்கரில் போடுகிறார்கள். பச்சை ராஜ்மாவில் லெக்டின் வகையைச் சேர்ந்த இயற்கையான நச்சு ஒன்று உண்டு. சரியாக வேகாத நான்கைந்து பயறே வாந்தியையும் வயிற்றுப்போக்கையும் உண்டாக்கப் போதுமானது. கொதிநிலைக்கு எட்டாத மிதமான சூட்டில் நெடுநேரம் இருந்தால் அந்த நச்சு அழிவதற்குப் பதில் வீரியம் கூடவும் வாய்ப்புண்டு. குறைந்தது ஐந்து மணி நேரம் ஊறவைத்து, ஊறிய நீரைக் கொட்டிவிட்டு, புதிய நீரில் தளதளவென்று அரை மணி நேரம் கொதிக்கவைத்த பிறகே அது குக்கருக்குள் போகலாம். தகர டப்பாவில் வரும் ராஜ்மா ஏற்கெனவே வெந்ததாதலால் அதற்கு இந்தக் கவலை இல்லை.

சிராங்கூன் சைவம்

ராஜ்மா பற்றிய எச்சரிக்கைக்கு நன்றி, ஐயா. எங்கள் மாடியில் இருக்கும் இரண்டு மூன்று வீடுகளுக்கு இதை இப்போதே அனுப்பிவிட்டேன்.

வெள்ளிக்கிழமைக்கு என் பரிந்துரை கொள்ளுச் சூப். அடைமழைக்கு அதைவிடப் பொருத்தமான ஒன்றை நான் அறியேன். சளி பிடித்தவர்களுக்குக் கொள்ளுத் தண்ணீர் கொடுப்பது நம் பாட்டிமார் வழக்கம்தானே. ஒரு குவளை கொள்ளை இரவு முழுவதும் ஊறவைத்து, காலையில் பத்து நிமிடம் கொதிக்கவிட்டு, ஆறு குவளை கொதிநீரோடு குக்கரில் வைத்தால் மாலைக்குள் விரலால் நசுக்கும் பதத்துக்கு வந்துவிடும். பாதியை மசித்து அதே சாற்றில் கலந்து, பூண்டு, மிளகு, சீரகம், காய்ந்த மிளகாய் தாளித்து, இறக்கும்போது எலுமிச்சை பிழியலாம். புளி ஊற்றுகிறவர்களும் கடைசியில்தான் ஊற்ற வேண்டும். புளியும் தக்காளியும் முதலிலேயே சேர்ந்தால் பயறு எத்தனை மணி நேரமானாலும் விறைப்பாகவே நிற்கும். அமிலம் பயறின் தோலை இளகவிடாது.

காய்கறி இஷ்டுவும் நன்றாக வரும். இதை எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தவர் எதிர்வீட்டு மலையாளி அம்மா. இறைச்சியைவிட உருளைக்கிழங்கும் கேரட்டும்தான் இந்தப் பானையில் தாமதமாக வேகும் என்பது முதலில் நம்பக் கடினமாக இருக்கும். காய்களை இறுக்கிப் பிடித்திருக்கும் பெக்டின் 85 டிகிரிக்கு மேல்தான் இளகத் தொடங்குகிறது. எனவே கிழங்குகளைச் சிறு துண்டுகளாக நறுக்கி, சூடு அதிகம் படும் அடியிலும் ஓரத்திலும் அடுக்க வேண்டும். பச்சை மிளகாய், இஞ்சி, ஒரு சிறு பட்டை, கறிவேப்பிலை போதும். தேங்காய்ப்பாலை முதலிலேயே ஊற்றினால் திரிந்து, மேலே எண்ணெயும் கீழே திப்பியுமாகப் பிரிந்துவிடும். பரிமாறுவதற்கு இருபது நிமிடம் முன்பு ஊற்றிச் சூடேறியதும் நிறுத்திவிடுங்கள். பட்டாணி, பீன்ஸ், முருங்கைக்கீரை ஆகியவையும் அந்தக் கடைசி நேரத்தில் சேர வேண்டியவையே.

ரசத்தை மட்டும் இதில் வைக்காதீர்கள். நுரைத்து வரும்போது இறக்க வேண்டிய ஒன்றை எட்டு மணி நேரம் வேகவைப்பது பாவம்.

பிடோக் மாடிவீடு

நம்மவர்கள் இந்தக் கருவியைப் புதுமையாகப் பார்க்கிறோம். சீன அண்டைவீட்டாரின் அடுப்படியில் இது நெடுங்காலமாக இருக்கிறது. எங்கள் பக்கத்து வீட்டு ஆன்ட்டி வைக்கும் ஏபிசி சூப்பைத்தான் என் பிள்ளைகள் கேட்டு வாங்கிக் குடிப்பார்கள். உருளைக்கிழங்கு, கேரட், தக்காளி, பெரிய வெங்காயம், துண்டு போட்ட மக்காச்சோளம், கோழித் தொடை. உப்பும் வெள்ளை மிளகும் தவிர மசாலா என்று எதுவும் கிடையாது. மக்காச்சோளத்தின் இனிப்பும் கேரட்டின் இனிப்பும் சாற்றில் இறங்கியிருக்கும். வதக்குகிற வேலையே இல்லாததால், காலையில் உண்மையாகவே எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டு மூடிவிட்டுப் போகக்கூடிய சூப் இது ஒன்றுதான் என்பேன்.

தாமரைக்கிழங்கும் பச்சை வேர்க்கடலையும் சேர்த்து வைப்பதும் உண்டு. அவர்கள் பன்றி எலும்பில் செய்வார்கள். நாங்கள் கோழிக்காலில் செய்கிறோம். நான்கைந்து சிவப்புப் பேரீச்சையும் ஒரு கரண்டி கோஜிப் பழமும் சேர்த்தால் மெல்லிய இனிப்பு வரும். கோஜியைக் கடைசி அரை மணி நேரத்தில் போடுங்கள், இல்லாவிட்டால் புளித்துவிடும் என்று ஆன்ட்டி எச்சரிப்பார். தாமரைக்கிழங்கு எத்தனை மணி நேரம் வெந்தாலும் குழையாமல், கடித்தால் நறுக்கென்று நூலிழை இழுக்கும். எங்கள் மாடியில் மலாய்க் குடும்பமும் இருப்பதால், பகிர்ந்துகொள்ளும் நாளில் ஹலால் கோழிதான் வாங்குவேன்; பானையையும் அதற்கென்றே தனியாக வைத்திருக்கிறேன்.

கம்போங் கிளாம்காரன்

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். சூப் என்று பேச்செடுத்துவிட்டு சூப் காம்பிங் என்னும் ஆட்டுச் சூப்பை யாரும் சொல்லாமல் விட்டது வியப்பாக இருக்கிறது. இந்திய முஸ்லிம் கடைகளில் பச்சை நிறத்துக்கு நெருக்கமாக, கொத்தமல்லியும் வறுத்த வெங்காயமும் தூவி, ரொட்டித் துண்டுகளோடு தருவார்களே, அதன் அடிப்படை தேக்கா அடுப்படி ஐயா சொன்ன அதே எலும்புச் சாறுதான். கூடுதலாகச் சோம்பு, ஏலம், அன்னாசிப்பூ ஆகியவற்றைத் துணியில் முடிந்து போடுவார்கள். துணிமுடிச்சு ஸ்லோ குக்கருக்கு இன்னும் பொருத்தம்: நான்கு மணி நேரத்தில் வீட்டில் இருப்பவர் யாராவது முடிச்சை மட்டும் எடுத்துவிடலாம், மசாலா மிஞ்சிப்போகாது. கோல்டன் மைல் உணவங்காடியில் பெயர்பெற்ற சூப் துலாங் வேறு வகை. எலும்பை முதலில் வேகவைத்து, பிறகு சிவந்த தக்காளி மிளகாய்க் கூட்டில் புரட்டி, மச்சையை உறிஞ்சுகுழல் வைத்து உறிஞ்சுவது. எலும்பை வேகவைக்கும் பாதி வேலையை மட்டும் குக்கரிடம் கொடுக்கலாம். கூட்டு வாணலியில்தான் சுண்ட வேண்டும்.

என் வீட்டில் இந்தக் கருவி அதிகம் உழைப்பது நோன்பு மாதத்தில். பள்ளிவாசலில் பெரிய தேக்சாவில் காய்ச்சும் கஞ்சிக்கு ஈடாகாது என்றாலும், நோன்புக் கஞ்சி இதில் அருமையாக வருகிறது. ஒரு குவளை நொய்யரிசி, கால் குவளை பாசிப்பருப்பு, கொத்துக்கறி, வெந்தயம் ஒரு தேக்கரண்டி, இஞ்சி பூண்டு, ஒரு முடிச்சுப் பாண்டான் இலை, எட்டு முதல் பத்துக் குவளை நீர். வெங்காயத்தையும் கறியையும் முதலில் வதக்கிக்கொள்ள வேண்டும். குறைந்த சூட்டில் ஆறு மணி நேரம். பிறகு தேங்காய்ப்பாலும் புதினா மல்லியும். அடிபிடிக்காமல் கிண்டிக்கொண்டே நிற்க வேண்டிய கஞ்சி, கிண்டாமலே குழைந்துவிடுவதுதான் இதன் பெரிய உதவி. மழை நாளில் நோன்பு இல்லாவிட்டாலும் குடிக்கலாம்.

பொங்கோல் வாசகி

இவ்வளவு விரிவான பதில்களை நான் எதிர்பார்க்கவில்லை. அனைவருக்கும் நன்றி. கொள்ளும் ஏபிசி சூப்பும் இந்த வாரமே. இரண்டு கேள்விகள் எஞ்சியுள்ளன. சாறு மிகவும் தண்ணீராக இருந்தால் மூடியைத் திறந்து வைத்துச் சுண்டவிடலாமா? நாள் முழுவதும் ஓடினால் மின்கட்டணம் எவ்வளவு கூடும்?

ஆய்வகப் பணியாளர்

மின்சாரத்தைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். மூன்றரை லிட்டர் கருவி பெரும்பாலும் 200 வாட் அளவில்தான் இழுக்கும். எட்டு மணி நேரம் முழுச் சூட்டில் ஓடினாலும் 1.6 யூனிட், யூனிட் 30 காசு என்று வைத்தால் 48 காசு. அரை வெள்ளிகூட ஆகாது. மிஞ்சிய சூப்பை இரண்டு மணி நேரத்திற்குள் சிறு பாத்திரங்களில் பிரித்துக் குளிர்பதனப் பெட்டியில் வைத்துவிடுங்கள். மறுநாள் அதைச் சூடாக்க ஸ்லோ குக்கரைப் பயன்படுத்தாமல் அடுப்பிலேயே கொதிக்கவையுங்கள்.

தேக்கா அடுப்படி

மூடியைத் திறந்து சுண்டவைப்பது நடக்காத காரியம். அந்தச் சூட்டில் ஆவி போதிய அளவு வெளியேறாது. வேகும்போது இடையில் ஆவலாகத் திறந்து பார்ப்பதும் கூடாது, ஒருமுறை திறந்தால் இழந்த சூடு திரும்ப இருபது நிமிடமாவது ஆகும். மூடியில் படியும் நீர் மறுபடியும் உள்ளேயே சொட்டுவதால், அடுப்பில் வைக்கும் அளவில் மூன்றில் இரண்டு பங்குத் தண்ணீர்தான் இதற்குக் கணக்கு. அப்படியும் நீர்த்துப்போனால், வெந்த உருளைக்கிழங்கு இரண்டு துண்டை மசித்துக் கலக்குங்கள். சூப் காம்பிங் வகைக்குப் பொட்டுக்கடலை மாவு ஒரு கரண்டி கரைத்து ஊற்றலாம்.

உள்பானை பீங்கான் என்பதை மறந்துவிடாதீர்கள். முதல்நாள் இரவு அதிலேயே எல்லாவற்றையும் போட்டுக் குளிர்பதனப் பெட்டியில் வைத்து, காலையில் சில்லென்று எடுத்துக் கொதிநீர் ஊற்றினால் விரிசல் விட்டுவிடும். வதக்கியதை வேறு பாத்திரத்தில் வையுங்கள்.

விசில் கட்சி

மூன்றரை லிட்டர் நான்கு பேருக்குப் போதுமா, அல்லது ஐந்து லிட்டராகவே வாங்கிவிடலாமா? வீட்டுக்காரம்மா கேட்கிறார்.

தேக்கா அடுப்படி

நான்கு பேருக்கு மூன்றரை போதும், அண்ணே. பெரிய பானையில் பாதிக்கும் கீழே போட்டு வேகவைத்தால் ஓரம் காய்ந்துவிடும். விருந்தினர் அடிக்கடி வருவார்கள் என்றால் மட்டும் ஐந்து வாங்குங்கள். அம்மாவிடம் சொல்லுங்கள், பிரஷர் குக்கரைத் தூக்கிப் போட வேண்டாம்; பருப்புக்கு அது வேண்டும்.